தரை வழியே

விடியற்காலை நாலரை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்தான் நிற்பான்.
துறைமுகத்துப் பக்கம் வாங்கிய கட்டைவிரல் தடிமன் கயிறு.
ஒரு முனையில் முப்பது கிலோ பட்டாணி,
மறுமுனையில் நாற்பத்தெட்டு கிலோ நான்.
யார் யாரை நடத்துகிறார்கள் என்று
பால் வண்டிக்காரர் கேட்பதில்லை. சிரிப்பார்.

புல் டெரியர் என்றுதான் சீட்டில் இருக்கிறது.
தெருப் பிள்ளைகளுக்குப் பன்னி நாய்.
முட்டையைப் படுக்க வைத்ததுபோல் வெள்ளை மூஞ்சி,
முக்கோணக் கண்,
தொடையைத் தொட்டால் செங்கல்.

தம்பி டில்லிபாபு கடன் வாங்கி வாங்கியது.
ஜோடி சேர்த்தால் குட்டிக்கு இவ்வளவு என்று
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டிருந்தான்.
மூன்றாம் மாதம், மாடிப்படியில்
என் கையிலிருந்து எவர்சில்வர் குடம் நழுவி
இரண்டு மாடி உருண்டது.
பிளாக் முழுக்கக் கதவு திறந்தது.
இவன் மட்டும் புரண்டு படுத்தான்.

வேப்பேரியில் டாக்டர் பின்னால் நின்று கை தட்டினார்,
சாவிக்கொத்தை ஆட்டினார்.
"வெள்ளையாப் பொறந்தா சிலதுக்கு இப்படி.
ரெண்டு காதும் இல்லம்மா."
டில்லிபாபு கயிற்றை என் கதவில் கட்டிவிட்டு
ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குப் போனான்.
போனில் எல்லாரையும் விசாரிப்பான்,
நாயைத் தவிர.

அன்றிலிருந்து தரையை மிதிக்கிறேன்.
ஒரு மிதி: வா.
இரண்டு மிதி: விடு, அது என் ரேஷன் கார்டு.
(விடவில்லை. குடும்பத் தலைவி என்ற இடத்தில்
நாலு பல். கடை மெஷின் எப்படியோ படித்துவிட்டது.)
லைட்டை அணைத்துப் போட்டால்: சோறு.
உள்ளங்கை விரிந்தால்: உட்கார்.
பத்துக்கு நாலு முறை உட்காருவான்.

சோறு என்றால் கோழிக் கழுத்தும் கேழ்வரகுக் களியும்.
ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்பிலிருந்து ஒரு மூட்டெலும்பு.
அதை உடைக்கும் சத்தம் எனக்கு மட்டும்.
வெயில் ஏறினால் மூக்கு சிவந்து புண்ணாகும், தேங்காயெண்ணெய்.
கால் இடுக்கில் தடிப்பு வந்தால் களிம்பு,
நக்காமல் இருக்கக் கால் மணி நேரம் கட்டிப்பிடித்தல்.
காலையில் ஓடித் தீர்க்காததை
ராத்திரி வீட்டுக்குள் ஓடுவான்.
கட்டிலில் ஏறி, பீரோவில் மோதி,
ஆட்டோ டயரைக் கவ்வித் தன்னையே சுற்றி
விழுந்து, எழுந்து, மறுபடியும்.
ஐஸ் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வந்த காலோடு
டயரின் அந்தப் பக்கத்தை நான் பிடிக்க வேண்டும்.

கீழ்வீட்டு கஜலட்சுமிக்கு
என் மிதி ஒவ்வொன்றும் உச்சந்தலையில்.
"இன்னாமே, மேல மாவு இடிக்கிறியா?"
ஒட்டடைக் கொம்பால் தன் கூரையை இடிப்பாள்.
அங்கேதான் வந்தது வினை.
இடித்த இடத்தில் மூக்கை வைத்து
அசையாமல் நின்றான் பட்டாணி.
யாரோ கூப்பிடுகிறார்கள்.
இதுவரை பார்க்காத யாரோ.
கதவு ஒருக்களித்திருந்தது.

நான் இறங்கிப் போவதற்குள்
அவள் கட்டில் மேல் ஏறிவிட்டாள், கையில் கொம்போடு.
இவன் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தான்,
கை காட்டாமலே, ஒழுங்காக.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்றாள்.
ஊசி போட்ட புத்தகத்தைக் காட்டினேன்.
வாய்க்கூடை வாங்கினேன், தாழ்ப்பாள் மாற்றினேன்.
மிதிக்கும் இடத்தில் கோணி விரித்தேன்.
கோணி அவனுக்கு ஊமை.
எடுத்துவிட்டேன்.

இப்போதும் இடிக்கிறாள்.
நேற்று லோடு இறங்க நேரமாகி
பத்தரைக்குப் படியேறுகிறேன்.
அவள் ஜன்னலில் டிவி வெளிச்சம்.
டொக்.
கொஞ்சம் விட்டு, டொக்.
நான் மிதிக்காத வீட்டை எதற்கு இடிக்கிறாள்?
கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள்.

பூட்டைத் திறக்கிறேன்.
அவனுக்காக விட்டுப்போன லைட் எரிகிறது.
ஒரு குடம் நசுங்கிக் கிடக்கிறது.
வயிற்றைப் பரப்பி, தாடையைத் தரையில் ஒட்டி,
முதுகு எனக்கு, நான் வந்தது தெரியாமல்,
ஒவ்வொரு டொக்குக்கும் வாலால்
பதிலுக்கு ஒரு அடி அடித்துக்கொண்டிருக்கிறான்.

வாசலிலேயே நிற்கிறேன்,
மீன் வாடைக் கையோடு,
சுவிட்சுக்குப் பக்கத்தில்.